அடிக்குறிப்பு இல்லாத ஸ்டார்

1. மேலே ஒன்று, கீழே ஒன்று

மாதுங்காவில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் புரூஃப் ரீடராகச் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கினேன். திட்டியவர் முதலாளி இல்லை, ஃபோர்மன் சுடலைமுத்து. ஏதோ ஒரு சபா மலரின் புரூஃபில் ஒரு பாடகரின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டார், அதாவது நட்சத்திரக் குறி, இருந்தது. பக்கத்தின் அடியில் அதற்குரிய குறிப்பு இல்லை. பாடகரின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நாலு தரம் பார்த்த நான், இதைப் பார்க்கவில்லை.

“எம்மா, ஸ்பெல்லிங் உங்க பாடு. நீங்க பி.ஏ. படிச்சவிய, நான் அதுல தலையிட மாட்டேன். ஆனா ஸ்டாரு எம் பாடு. மேல ஒண்ணு இருந்தா கீழ ஒண்ணு இருக்கணும். இல்லேன்னா அது மெசினுக்குப் போவாது” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன்னால் ஒரு கூட்டுறவு சங்கத்தின் ஆண்டறிக்கை அங்கே அச்சாகியிருக்கிறது. அதில் ஓர் இடத்தில் ஸ்டார் விழுந்து, அடியில் குறிப்பு விழாமல் போய்விட்டது. பொதுக்குழுவில் ஒரு பெரியவர் எழுந்து, “இந்த ஸ்டாரின் கீழே எதை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்க, கூட்டம் ரகளையாகிவிட்டது. சங்கத்துச் செயலாளர் நேராக அச்சகத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அன்றிலிருந்து குறிப்பு இல்லாத ஸ்டார் எதுவும் சுடலைமுத்துவைத் தாண்டி மெஷின் ஏறியதில்லை.

எங்கள் முதலாளி கிட்டு மாமா பாலக்காட்டுக்காரர். முன்பக்க அறையில் அவருக்கு ஒரு மேஜை, எனக்கு ஒரு மேஜை. பின்னால் கம்போசிங், அதற்கும் பின்னால் மெஷின். நடுவில் ஒரு மரத் தடுப்பு. முன்னறையில் பேசுவது பின்னால் கேட்காது, பின்னால் பேசுவது மெஷின் சத்தத்தில் யாருக்குமே கேட்காது. தாராவியிலிருந்து நடந்து வரும் கம்பாசிட்டர்கள் பக்கக் கதவு வழியாக உள்ளே போய்விடுவார்கள். வாடிக்கையாளர்கள் தடுப்பைத் தாண்ட மாட்டார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை இது, பழகிப் போயிருந்தது.

சமீபத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் பிள்ளைகள் சிலர் சான்பாடாவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, “ஆன்ட்டி, உங்க காலத்துல அன்டூ கிடையாதே, பிரிண்ட் ஆனதுக்கப்புறம் தப்பு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்கள். அழுவோம் என்று சொல்லிவைத்தேன். அழாத ஒரு சந்தர்ப்பமும் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

2. ஒரு வார்த்தைக்கு ஒரு புத்தகம்

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்கால மத்தியானம் விசாலம் மேடம் வந்தார். கல்லூரி ஒன்றில் சமஸ்கிருத விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார், சத்தமாகப் பேசிக் கேட்டதே இல்லை. குடையை மடக்கி எங்கள் குப்பைக் கூடையில் நிறுத்திவிட்டு, ஒரு கட்டுக் கையெழுத்துப் பிரதியை மாமாவின் மேஜையில் வைத்தார்.

மாமா புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம். ஆனால் எழுத்துகளின் தலையில் கோடு, காலில் புள்ளி, பக்கவாட்டில் கொக்கி.

“இது எதைப் பத்தியாக்கும்?”

“ஒரு வினை வேரைப் பத்தி, மாமா. சுமக்கறதுன்னு அர்த்தம்.”

“ஒரு வார்த்தைக்கா இத்தனை பக்கம்? எங்காத்துல அவ ஒரு வார்த்தை சொன்னா அதுக்கும் இத்தனை பக்கம் வரும், அது வேற விஷயம்.”

விசாலம் மேடம் சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்து எனக்காகவும் மாமாவுக்காகவும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். சமஸ்கிருதத்தில் ‘பரதி’, சுமக்கிறான். கிரேக்கத்தில் ‘ஃபெரோ’, சுமக்கிறேன். லத்தீனில் ‘ஃபெரோ’. பழைய ஜெர்மானிய மொழி ஒன்றில் ‘பைரன்’. ஆர்மீனியத்தில் ‘பெரெம்’. பாரசீகத்தில் ‘பார்’ என்றால் சுமை. இங்கிலீஷில் ‘பேர்’.

“நம்ம ஹோட்டல்ல காபி கொண்டு வர்றானே பேரர், அவன்கூட இந்தக் குடும்பம்தான். ஹிந்தியில பாரீன்னு சொல்றோமே, கனமா இருக்குன்னு, அதுவும். இத்தனை பேர் ஒரே ஜாடையில இருந்தா, இவாளுக்கு ஒரு அம்மா இருந்திருக்கணும் இல்லையா?” என்றார்.

காகிதத்தின் உச்சியில் அந்த அம்மாவை எழுதினார். ‘பெர்’ என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டார் போட்டார்.

“தமிழ்ல பாரம்னு சொல்றோமே, மேடம்?” என்று கேட்டேன்.

“அது சமஸ்கிருதத்திலேர்ந்து வாங்கிண்டது. கல்யாணத்துக்கு வந்த பக்கத்தாத்துக்காரா மாதிரி. பந்தியில உக்கார வெக்கலாம், வம்சாவளியில எழுத முடியாது. அதுக்குத் தனி அத்தியாயம் வெச்சிருக்கேன். தமிழுக்குச் சொந்தமா சுமைன்னு இருக்கே, அது இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

ஸ்டார் எதற்கு என்று அப்போதுதான் கேட்டேன். “இதை நான் எந்த ஏட்டிலும் பாக்கலே, யாருமே பாக்கலே, பிள்ளைகளை வெச்சு ஊகிச்சதுன்னு சொல்றதுக்கு” என்றார். நான் தலையாட்டினேன். மாமாவும் தலையாட்டினார். தடுப்புக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு அந்தப் புத்தகம் சீக்கிரம் வேண்டியிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ரீடர் வேலைக்கு, விரிவுரையாளருக்கு அடுத்த படி அது, விண்ணப்பித்திருந்தார். தேர்வுக் குழு கூடும்போது அச்சிட்ட புத்தகம் கையில் இருக்க வேண்டும். குழுவில் ஒரு மூத்த பேராசிரியர் இருந்தார். ஒரு கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் அவர், “விசாலத்துக்குத் தேடவே வேண்டாம், அவள் வீட்டுக் கொல்லையிலேயே வார்த்தை காய்க்கும்” என்று சொன்னாராம். மேடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லும்போது பென்சில் முனையை மட்டும் காகிதத்தில் அழுத்திக்கொண்டிருந்தார்.

3. முதல் ஷீட்

வேலை இப்படி நடந்தது. கோடும் புள்ளியும் கொக்கியும் உள்ள எழுத்துகள் ஃபவுண்டரியிலிருந்து தனியாக வந்தன, அதுவும் கொஞ்சம்தான். எட்டுப் பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்துக்கு மேல் கோக்க எழுத்துக் காணாது. ஒன்றைக் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்ததைக் கோக்க முடியும். தாளும் சுலபமாகக் கிடைக்கிற காலம் இல்லை. இந்தப் புத்தகத்துக்கென்று மாமா எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கிய தாள் அது, மிச்சம் கிடையாது.

விசாலம் மேடம் தினமும் கல்லூரி விட்டதும் வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து புரூஃப் பார்த்தார். ஒரு கண்ணாடி ரூலரை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே போவார். ஸ்டார் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. திருப்தியானதும் பிரிண்ட் ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்த பிறகு நான் பார்ப்பதில்லை. மெஷினில் பூட்டியதும் எழுத்து உடைந்திருக்கிறதா என்று ஃபோர்மன் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

மூன்று ஃபாரம் அடித்து முடிந்ததும், காய்ந்த ஷீட்டுகளில் ஒன்றைப் பார்க்கக் கேட்டார் மேடம். கொண்டு வந்து விரித்தேன். ரூலரை எடுத்தார். முதல் வரியில் வைத்தார். ரூலர் நகரவே இல்லை.

“ராஜி, ஸ்டார் எங்கே?”

நானும் பார்த்தேன். ‘பெர்’ இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, கொஞ்சம் வெள்ளை. அடுத்த வரி, அடுத்த பக்கம், மூன்று ஃபாரத்திலும் ஒரு ஸ்டார்கூட இல்லை.

தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்த சுடலைமுத்து கொஞ்சமும் கலங்காமல் சொன்னார்.

“நாந்தான் எடுத்தேன். பக்கத்துக்குப் பத்து ஸ்டாரு. கீழ ஒரு நோட்டு இல்ல. இருக்க நோட்டுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு. சரி, எழுதுதவங்க நோட்டக் கடைசியிலதான் குடுப்பாவன்னு காத்திருந்தேன். கையெழுத்தும் வந்தாச்சு, நோட்டு வரல. ஸ்டாரோட விட்டா நாளைக்கு அம்மாவத்தான கேப்பாவ, எதை ஒளிச்சு வச்சிருக்கன்னு? ஒவ்வொண்ணாப் பிடுங்கி அந்த அகலத்துக்கு ஈயம் வச்சேன். அரை நாள் வேலை.”

நல்லது செய்துவிட்டோம் என்று முழுதாக நம்பியவரின் முகம் அது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஓய் சுடலை, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கி வெச்சிருக்கீரே!” என்றார். பிறகு மேடத்திடம் திரும்பி, “பதறாதேங்கோ. ஒரு பிழைதிருத்தச் சீட்டு ஒட்டிடலாம். இந்த இந்தப் பக்கத்தில் ஸ்டார் சேர்த்து வாசிக்கவும்னு. எல்லாப் புஸ்தகத்திலும் இருக்கிறதுதானே?”

“அது ஆகாது, மாமா.” விசாலம் மேடத்தின் குரல் உயரவில்லை, உதடுதான் காய்ந்திருந்தது. “சீட்டை யார் படிப்பா? ஸ்டார் இல்லேன்னா, இந்த வார்த்தையை நான் ஏதோ ஏட்டில் கண்டேன்னு அர்த்தம். எந்த ஏடுன்னு அந்தப் புரொஃபசர் கேப்பார். நான் என்ன சொல்வேன்? கொல்லையில காய்ச்சதுன்னா?”

மறுபடி கோக்க நேரம் இல்லை. மறுபடி அடிக்கத் தாள் இல்லை. அடித்த ஃபாரத்தின் எழுத்து பிரிந்து பெட்டிக்குப் போய்விட்டது. சுடலைமுத்து உள்ளே போனார். அவர் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அச்சகத்து விதிப்படி அவர் செய்தது தப்பும் இல்லை.

4. தடுப்பைத் தாண்டி

விசாலம் மேடம் எழுந்து தடுப்புக் கதவைத் தள்ளி உள்ளே போனார். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கம்பாசிட்டர்கள் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். ஒருவர் தொங்கவிட்டிருந்த சட்டையை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். நானும் பின்னாலேயே போனேன்.

“அண்ணாச்சி” என்றார் மேடம். அச்சகத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். “நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலே. இப்போ சொல்லட்டுமா?”

சுடலைமுத்து நின்றபடியே கேட்டார். பரதி, ஃபெரோ, பைரன், பெரெம் என்று மேடம் சொன்னார். ஒருத்தி வாயில் ‘ப’, இன்னொருத்தி வாயில் ‘ஃப’, ஆனால் எல்லோரும் சுமக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத தூரத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஜாடை விடவில்லை. அம்மா யாரென்று ஏட்டில் இல்லை. எழுத்தே இல்லாத காலத்தில் வாழ்ந்து போனவள்.

“அவிய அம்மைய நீங்க பாக்கல” என்றார் சுடலைமுத்து.

“பாக்கலே.”

“பாத்தவங்க யாரும் உண்டா?”

“யாரும் இல்லே. பிள்ளைகளை மட்டும்தான் பாத்தேன்.”

“அப்ப தப்பா இருந்தா?”

“இருக்கலாம். அதுக்குத்தான் ஸ்டார். இது நான் கண்டது இல்லே, பிள்ளைகளை வெச்சுத் தேடினது, நாளைக்கு இன்னொரு பிள்ளை கெடைச்சா மாத்திப்பேன்னு அர்த்தம். அதுக்குக் கீழே குறிப்பு கிடையாது, அண்ணாச்சி. ஸ்டாரே குறிப்புதான்.”

“ஸ்டார எடுத்துட்டா?”

“எடுத்துட்டா, அவளை நேர்ல பாத்தேன்னு நான் பொய்ச் சத்தியம் பண்ணின மாதிரி.”

சுடலைமுத்து கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களையும் துடைத்தார். கடைசியில், “எங்க அம்மைக்கும் போட்டோ கெடையாதும்மா” என்றார்.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. அவருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா உலகம்மாள் இறந்துபோனாள். படம் எடுக்கும் வழக்கமெல்லாம் இல்லாத வீடு. சுவரில் அம்மா இல்லையே என்பது மூன்று பிள்ளைகளுக்கும் நெடுநாள் குறை. அந்த வருஷம் தாராவியில் கடைப் பலகை எழுதும் பெயிண்டர் ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். இப்படிப் படம் வரைவது அவர் தொழிலில் சகஜம். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, அண்ணாச்சியின் நெற்றி, பெரிய தங்கை பேச்சியின் கண், சின்னவள் இசக்கியின் மோவாய் என்று சேர்த்து ஓர் அம்மாவை வரைந்து கொடுத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். மாலை போட நாளும் பார்த்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

“படத்தப் பாத்தவரு, நெத்தி அவதான், கண்ணு அவதான், நாடி இப்படி இருக்காதேன்னுட்டாரு. நானும் அவளப் பாத்துருக்கேன்லா, கையிதான் ஞாவகம் இருக்கு, மொகம் இல்ல. அன்னையிலேர்ந்து படத்தச் செவரப் பாக்கத் திருப்பி வச்சிருக்கேன். அவ அம்மை இல்லன்னா, யாரோ ஒருத்திக்கு எப்படி மாலை போட? அவ அம்மைதான்னா, அவளத் திருப்பி வச்சிருக்கமேன்னும் இருக்கு.”

மெஷின்காரர் எப்போதோ மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றிருந்தார்.

சுடலைமுத்து துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “மூணு ஃபாரத்து ஷீட்டும் எடுத்துட்டு வாங்கலே” என்றார் கம்பாசிட்டர்களிடம். “வரிய நகட்டலம்மா. நீங்க கையெழுத்துப் போட்ட வரிய நான் நகட்ட மாட்டேன். ஸ்டாரு இருந்த எடம் அப்படியே இருக்கு. திரும்ப வச்சிருவோம்.”

5. ஸ்டார் மட்டும்

அவர் சொன்னதை நம்ப முதலில் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அச்சடித்த ஷீட்டை மறுபடி மெஷினில் விட்டு, அந்தச் சின்ன வெள்ளை இடங்களில் மட்டும் ஸ்டார் விழச் செய்ய வேண்டும். மயிரிழை தள்ளினாலும் ஸ்டார் எழுத்தின் மேல் ஏறிவிடும். தாள் வீணானால் மாற்றுத் தாள் இல்லை. அரைக்கிணறு தாண்டி நிற்க முடியாது.

செய்த விதம் இதுதான். ஒரு வரியில் ஸ்டாருக்கு முன்னால் இருக்கும் சொற்களை மறுபடி கோப்பார். அந்த நீளத்துக்குச் சரியாக வெற்று ஈயத்தை நறுக்கிச் சேர்ப்பார். பிறகு சொற்களைக் கழற்றிவிட்டு ஈயத்தை வைத்து, அதன் பக்கத்தில் ஸ்டாரை நிறுத்துவார். அடுத்த ஸ்டார் வரை மறுபடி ஈயம். இப்படியே எட்டுப் பக்கம். கம்பாசிட்டர்கள் எல்லோரும் கல்யாணப் பத்திரிகைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதில் இறங்கினார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது என்று கத்த வந்த ஒரு பெண் வீட்டுக்காரரை மாமா காபி கொடுத்து உட்காரவைத்தார்.

மெஷின்காரர் முன்பே கறைபட்டு ஒதுக்கியிருந்த ஷீட்டுகளில் ஓட்டிப் பார்த்தார். முதலில் ஸ்டார் மேலே போயிற்று. தாளின் விளிம்பை நிறுத்திப் பிடிக்கும் முளையைத் தட்டினார். பிறகு இடப்பக்கம் ஒதுங்கிற்று. மறுபடி தட்டினார். சுடலைமுத்து லென்ஸை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒருவழியாக, “விழுது” என்றார்.

நல்ல ஷீட்டில் ஏற்றுவதற்கு முன் வெறும் தாளில் ஒரு புரூஃப் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்கள். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு புரூஃப் அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. எட்டுப் பக்கம், சொல்லே கிடையாது. அங்கங்கே ஸ்டார் மட்டும். விசாலம் மேடம் ரூலரை வைத்து ஒவ்வொன்றாக அச்சடித்த ஷீட்டோடு ஒப்பிட்டார். முடித்ததும், “இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு, மேடம்?”

“எனக்கு நிச்சயமாத் தெரியாததெல்லாம் இந்த ஒரு தாள்ல இருக்கே. பத்திரமா வெச்சுக்கணும்.”

மூன்று ஃபாரமும் ஏறி இறங்கின. மற்ற ஃபாரங்களில் ஸ்டாரை யாரும் தொடவில்லை. புத்தகம் பைண்டாகி, குழு கூடும் நாளுக்கு முன்பே அவர் கையில் இருந்தது. உற்றுப் பார்த்தால் முதல் மூன்று ஃபாரத்தில் மட்டும் ஸ்டார், எழுத்தைவிடக் கொஞ்சம் கருப்பாக இருக்கும். இரண்டாம் தரம் ஓட்டியபோது மசி கூடிவிட்டது.

அந்த மூத்த பேராசிரியர் அதைத்தான் பிடித்துக்கொண்டாராம். பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன விசாலம், உன் வார்த்தையைவிட உன் சந்தேகம் அழுத்தமா விழுந்திருக்கே?” என்று கேட்டிருக்கிறார். மேடம் அச்சகத்தில் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். பிறகு கொல்லையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். வேலை விசாலம் மேடத்துக்குத்தான் கிடைத்தது.

தொழிலில் நான் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் இதைச் சொல்வேன். கண்டதையும் ஊகித்ததையும் ஒரே மாதிரி அச்சடிக்கக் கூடாது. இரண்டும் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் எது எது என்று வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். முன்னறையில் கேட்டதைப் பின்னறையில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் வந்தாலும், எழுதியவரைத் தடுப்புக்கு உள்ளே அழைத்துப்போய் அண்ணாச்சியிடம் ஐந்து நிமிஷம் பேசவைப்பது என் வழக்கமாயிற்று. மாமா அந்தத் தடுப்பை எடுக்கவில்லை. கதவை மட்டும் கழற்றிவிட்டார்.

6. உலகம்மாள்

மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலைமுத்து எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். “அம்மைக்கு மாலை போடுதோம். நீங்களும் மேடமும் வரணும்” என்றார். மாதுங்காவிலிருந்து நானும் மேடமும் நடந்தே போனோம். ரயில்பாதையைத் தாண்டி தாராவிக்குள் நுழைந்ததும் வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. பிரஸ்கார அண்ணாச்சி வீடு என்றதும் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

ஒரே அறை. சுவரில், எங்களைப் பார்த்தபடி, உலகம்மாள். பெயிண்டர் அவளுக்கு ஊதா நிறத்தில் சேலை கட்டிவிட்டிருந்தார், காதில் பாம்படம் போட்டுவிட்டிருந்தார். அகன்ற நெற்றி. கண் கொஞ்சம் கோபமாகப் பார்த்தது. சட்டத்தின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுடலைமுத்து அச்சகத்திலேயே கோத்து அடித்துக்கொண்டு வந்தது. கறுத்த பெரிய எழுத்தில் ‘உலகம்மாள்’. பெயருக்கு முன்னால் ஒரு ஸ்டார்.

விசாலம் மேடம் அதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அழுகை வந்தால் நான் கிண்டல் பண்ணுவேன், அது என் சுபாவம்.

“அண்ணாச்சி, முதல் நாளே என்னைத் திட்டினேளே, ஞாபகம் இருக்கா? மேலே ஒண்ணு இருந்தா கீழே ஒண்ணு இருக்கணும்னு. இந்த ஸ்டாருக்கு நோட்டு எங்கே?”

படத்துக்கு நேர் கீழே, தரையில், அவருடைய தங்கைகள் இரண்டு பேரும் பாயசத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பேச்சி தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள், கொஞ்சம் கோபமான அதே கண். இசக்கி தேங்காய்ச் சில்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

“அந்தா, கீழதான இருக்கு” என்றார் சுடலைமுத்து. “ரெண்டு நோட்டு. மூணாவது நான்.”

சொல்லிவிட்டு அவரும் போய்த் தங்கைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நாடிதான் இன்னமும் சந்தேகம்மா. இருந்துட்டுப் போவுது, அதுக்குத்தான ஸ்டாரு” என்றார்.

விசாலம் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். புரூஃபையும் மூலத்தையும் ஒப்பிடும்போது எப்படி நிதானமாகப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார்.

“பிரிண்ட் பண்ணலாம்” என்றார்.

சுடலைமுத்து எழுந்து மாலையை எடுத்தார்.